மூக்கில் இறங்கிய திருமண்

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காக்களூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் வளையம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வளையத்தை வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவி, "இதில் என்னவோ இருக்கிறது" என்று ஒதுக்கி வைக்கத்தான் எனக்குச் சம்பளம். எட்டு மணி நேரம் சந்தேகப்பட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவுவதோடு அதையும் கழுவிவிட முடிவதில்லை. "உன் முன்னாடி பெருமாளே வந்து நின்னாலும் ஆதார் கார்டு கேப்பே" என்பார் என் கணவர் வரதன்.

போன மழைக்காலத்தில் அப்பா பிழைத்ததே என் சந்தேகத்தால்தான் என்று உறவில் எல்லோரும் சொல்கிறார்கள். கல்யாணங்களில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதை கேட்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் கேட்பதில்லை, நானும் சொன்னதில்லை. இங்கே இரண்டையும் எழுதுகிறேன்.

அப்பா திருவள்ளூரில் ஒரு பெருமாள் கோயில் மடப்பள்ளியில் முப்பத்தோரு வருடம் தளிகைச் சமையல் செய்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, காபி டம்ளரை எடுக்கப் போன வலது கை பாதி வழியில் நின்றுவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. அதற்கு அஃபேசியா என்று பெயர். நாம் சொல்வதெல்லாம் புரியும், பதிலுக்கு வார்த்தை வாயில் வராது. அப்பாவுக்கு மிஞ்சியது "ஆமா" என்ற ஒரே சொல். வேண்டும் என்றாலும் ஆமா, வேண்டாம் என்றாலும் ஆமா. எது எந்த ஆமா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்றும் போனது. விழுங்கும் திறன். சோறு இறங்கும்போது மூச்சுக் குழாயை மூடிக்கொள்ள நம் தொண்டையில் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அப்பாவுக்கு அந்த மூடி மந்தமாகிவிட்டது. தண்ணீர், ரசம், மோர் என்று நீர்த்தது எதைக் கொடுத்தாலும் புரையேறும். ஒரு பவுடர் டப்பாவை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தண்ணீரில் கலந்தால் கூழ்போலக் கெட்டியாகும், அப்போது மெதுவாக இறங்கும். ஊட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. நிமிர்ந்து உட்கார வைத்து, மோவாயைக் கீழே இறக்கச் சொல்லி, இடது கன்னத்துப் பக்கமாக அரைக் கரண்டி வைக்க வேண்டும். முதல் முழுங்கலை நம்பக் கூடாது, பாதி தொண்டையிலேயே நிற்கும். இரண்டாவது முழுங்கல் வரும்வரை காத்திருந்துதான் அடுத்த கரண்டி. ஒரு கிண்ணம் குழைந்த தயிர் சாதத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

பிறகு அப்பா குளியலறையில் விழுந்தார். தூக்கி உட்கார வைக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது, வீட்டில் பகலில் ஒரு ஆள்கூட இல்லை. காக்களூரைத் தாண்டி, நர்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. இருபது கட்டில். அங்கே சேர்த்தோம். "பெத்த அப்பாவைக் கொண்டுபோய் விட்டுட்டாளே" என்று சொன்னவர்கள் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

விட்டுவிட்டு நான் ஒன்றும் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு முறை, மாலையில் ஷிப்ட் முடிந்து ஒரு முறை, இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் போய், இல்லத்துச் சாப்பாட்டையே குழைத்து நானே ஊட்டினேன். மதியத்துக்குக் கெட்டியாகக் கலந்து பிளாஸ்கில் வைத்துவிட்டு வந்தால், அப்பா இடது கையால் தன் வேகத்தில் அள்ளிச் சாப்பிட்டுக்கொள்வார். பவுடர் டப்பாவை அவருடைய பீரோவில் வைத்துப் பூட்டுவேன். துணிமணி, ஒரு வெள்ளிச் சொம்பு எல்லாம் அதில்தான். சாவி என் கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கும். யார் கை எப்படி என்று யாருக்குத் தெரியும்?

அப்பா அந்த இடது கையால் இன்னொரு காரியமும் செய்தார். தினமும் காலையில் கண்ணாடியைத் தலையணையில் சாய்த்துவைத்து, திருமண்ணைக் குழைத்து, தானே நெற்றிக்கு இட்டுக்கொள்வார். அரை மணி நேரம் ஆகும். உதவிக்குப் போனால் கையைத் தட்டிவிடுவார். நாங்கள் வடகலை. நெற்றியில் இரண்டு வெள்ளைக் கோடு, புருவ மத்தியில் வளைந்து சேரும், மூக்கில் இறங்காது. மூக்கில் பாதம் இறங்கினால் அது தென்கலை. வெளியாருக்கு இது அற்ப விஷயம். எங்கள் கூட்டம் இதற்காகக் கோர்ட்டு வாசல்வரை போன கூட்டம். பழக்கமில்லாத கை என்பதால் அப்பாவின் வலதுபுறக் கோடு எப்போதும் கொஞ்சம் வெளியே சாயும். அந்தச் சாய்வு எனக்கு அவருடைய கையெழுத்து மாதிரி.

அங்கே அப்பாவைப் பார்த்துக்கொண்ட பெண் சுகுணா. முப்பது வயதிருக்கும். கும்மிடிப்பூண்டிக்கும் அப்பால் ஆரம்பாக்கம். தெலுங்கு வீடு, அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். சேர்த்த புதிதில் ஒரு நாள் நான் ஊட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து குந்தினாள்.

"எப்டிக்கா ஊட்றீங்க? காட்டுங்க, நானும் கத்துக்கிறேன். நீங்க வராத அன்னிக்கு ஆவும்ல?"

"நான் வராத நாளே கிடையாது. அப்பா ஆசாரம் பார்ப்பார். நான் பார்த்துக்கறேன், நீ போ" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்து "ஆமா" என்றார். அது எந்த ஆமா என்று நான் அன்று பார்க்கவில்லை.

புரட்டாசி கடைசியில் இல்லத்தில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்தது. சளி, இருமல், மூச்சிரைப்பு. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், ஒருவர் திரும்பவில்லை. ஃப்ளூ என்றார்கள். வயதானவர்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் அது காட்டுத்தீ மாதிரி. சுகாதாரத் துறையிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். மறுநாள் காலை நான் பிளாஸ்கோடு போனால் கேட் பூட்டியிருக்கிறது. "மறு அறிவிப்பு வரும்வரை பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு தாள்.

பார்வையாளராம்! நான் என்ன பொருட்காட்சியா பார்க்க வந்தேன்? மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்.

"மேடம், ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். உங்க நல்லதுக்கும்தான் சொல்றோம்."

"உங்க ஸ்டாஃப் தினம் ஷேர் ஆட்டோல வரா. வாசல்ல டீ குடிக்கறா. அவா உள்ளே போகலாம், நான் போகக் கூடாதா? வைரஸ் அவாளை விட்டுட்டு என்னை மட்டும் பிடிச்சுண்டு வருமா?"

"அவங்க வேலை செய்றவங்க மேடம்."

"நான் செய்யறதுக்கு என்ன பேரு?"

டெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன், கவுன் போட்டுக்கொள்கிறேன், அப்பாவின் அறையைத் தவிர எங்கும் போகமாட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தருக்குத் திறந்தால் இருபது வீட்டுக்காரரும் வருவார்கள் என்றார். "தண்ணியைத் தனியா கொடுக்காதீங்கோ, எல்லாம் கெட்டியா இருக்கணும்" என்று கத்திச் சொல்லிவிட்டு வந்தேன். "நோட் பண்ணிக்கிறோம் மேடம்" என்றார். கையில் நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை.

முதல் நாள் பிளாஸ்கை வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தது. இல்லத்தில் இதுவரை எந்தப் பாத்திரத்தையும் இவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை. கீழே கொட்டிவிட்டுக் கழுவினார்களோ? முகர்ந்துகூடப் பார்த்தேன். இரண்டாம் நாள் வெளிப் பாத்திரமே உள்ளே வரக் கூடாது என்றுவிட்டார்கள்.

தினமும் ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் வீடியோ காலில் காட்டுவார்கள். சுகுணா போனைப் பிடிப்பாள், அப்பா முகம் மட்டும் தெரியும். அந்த ஐந்து நிமிடத்தையும் நான் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கினேன். என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, ஏன் கண் சிவந்திருக்கிறது, ஏன் நேற்றுப் போட்ட அதே சட்டை?

"பீரோ பூட்டி கீதுக்கா. சாவிய வாச்மேனாண்ட குடுத்தீங்கன்னா துணி எடுத்துப்பேன்."

ஓகோ, சாவியா வேணும் என்று நினைத்துக்கொண்டேன். "நானே வந்து எடுத்துக் கொடுக்கறேன். அதுவரைக்கும் துவைச்சுப் போடு" என்றேன். அவள் முகம் மாறியது. மாறட்டும் என்று இருந்தேன்.

ஒவ்வொரு காலிலும் அப்பாவின் முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். வீட்டில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். வரதன் என் தட்டை மைக்ரோவேவில் சூடு பண்ணி வைத்துவிட்டுப் போவார். இரண்டாவது தடவையும் ஆறினால் மறுபடி சூடு பண்ணுவார்.

ஐந்தாம் நாள் திரையில் அப்பா முகம் வந்ததும் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன். நெற்றியில் திருமண் இருந்தது. இரண்டு கோடும் ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தன. சாய்வு இல்லை. அடியில் வளைவும் இல்லை. கோடுகள் சேர்ந்து மூக்கின் பாதிவரை இறங்கியிருந்தன.

"திருமண் யார் இட்டது?"

"நைனாவேதான் போட்டுக்கினாருக்கா."

"அவர் கையைக் காட்டு."

"இன்னாக்கா?"

"இடது கையைக் காட்டு சுகுணா."

அவள் பக்கவாட்டில் யாரையோ பார்த்தாள். "சிக்னல் வர்லக்கா" என்றாள். திரை கறுத்தது. என் போனில் சிக்னல் கோடு நான்கும் முழுசாக இருந்தன.

உடனே மேனேஜருக்குப் போன் போட்டேன். "எல்லாரும் நல்லா இருக்காங்க மேடம், குரூப்ல மெசேஜ் போட்டிருக்கோம், பாருங்க" என்றார். குரூப்பில் பூங்கொத்துப் படத்தோடு "அனைவரும் நலம்" என்று இருந்தது. நலமாக இருப்பவர்களுக்கு எதற்குப் பூங்கொத்து?

"யாரோ பாசமா இட்டு விட்டிருப்பா வைதேகி. நீ எதையுமே நேரா பார்க்கமாட்டியா?" என்றார் வரதன்.

"ரெண்டு வருஷமா பெத்த பொண்ணு கையையே தட்டிவிட்டவர் இவர். எவளோ இடறதுக்கு நெத்தியைக் காட்டிண்டு இருப்பாரா? அதுவும் பாதம் வெச்சு? தடுக்கறதுக்குக் கை வரல்லே. அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு தடவை அடைப்பு வந்து இடது கையும் போய்விட்டது, மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். பேச வாய் இல்லை, இருந்த ஒரே கையும் இல்லை என்றால் ஒரு மனுஷன் எப்படித் தன்னைச் சொல்வான்?

மறுநாள் லீவு போட்டேன். இரண்டு படங்களை காக்களூர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். ஒன்று போன மாதத்து முகம், இன்னொன்று நேற்றைய முகம். கம்பெனியில் நல்ல மாதிரியையும் பழுதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வாதாடுவோம். கேட்டில் போய் நின்றேன். வாச்மேன் ஒரு ஸ்டூலைக் கேட்டுக்கு மேலாக நீட்டி, "குந்துங்கமா, சார் பாத்தா நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க" என்றார். அவரையும்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் கால் கேட்கவில்லை, உட்கார்ந்தேன்.

பதினொரு மணிக்குச் சுகாதாரத் துறை ஜீப் வந்தது. இளம் டாக்டரம்மா ஒருவர் இறங்கினார். நான் குறுக்கே போய் நின்று படங்களை நீட்டினேன்.

"டாக்டர், இது அப்பா இட்டுண்டது. இது வேற யாரோ இட்டது. அப்பாவால கையைத் தூக்க முடியல்லே. மறைக்கறா."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நாமத்த வெச்சு ஸ்ட்ரோக்னு சொல்றீங்களாம்மா?"

"நான் எதுவும் சொல்லல்லே. கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கோ. அது போதும். தூக்கிட்டார்னா நான் இப்படியே பஸ் ஏறிடறேன்."

சிரிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. படங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இருபது நிமிடம் கழித்து வாச்மேனிடம், "அந்தம்மாவ உள்ள விடுங்க, மாஸ்க் குடுங்க. ஒன் நாட் எய்ட்டுக்குப் போன் போடுங்க" என்ற குரல் கேட்டது.

அப்பாவின் இடது கை போகவில்லை. கட்டப்பட்டிருந்தது. மூன்று நாள் முன்பு காய்ச்சல் வந்திருக்கிறது. ஃப்ளூதான் என்று எடுத்துக்கொண்டு, வேலை செய்யும் கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றியிருக்கிறார்கள். அப்பா ஊசியைப் பிடுங்கிவிட்டார். மறுபடி குத்தி, மணிக்கட்டைப் புண்ணுக்குச் சுற்றும் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டார்கள். பிடுங்கும் கை இடது கையேதான், அது எப்படித் தன் ஊசியைத் தானே பிடுங்கும், வாயால் கடித்தாரா என்று எனக்குப் புரியவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஊசி டியூப் காய்ந்த ரத்தத்தோடு தொங்கியது. கம்பியில் மாட்டி இழுத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவ்வளவு பிடிவாதம்.

"சேஃப்டிக்குதான் மேடம்" என்றார் மேனேஜர். நான் அவரை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. மடப்பள்ளிக்காரர் மகள் பேசுகிற பேச்சு இல்லை அது.

அப்பா மூச்சு விடும்போது தொண்டையில் களகளவென்று சத்தம். என்னைப் பார்த்து "ஆமா" என்றார். கட்டை அவிழ்த்ததும் அந்தக் கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை விடவில்லை.

அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஃப்ளூ டெஸ்டில் ஒன்றும் இல்லை. வார்டு டாக்டர் நடுத்தர வயதுக்காரர், களைத்த முகம். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிச் சொன்னார்.

"இது ஃப்ளூ இல்லம்மா. ஆஸ்பிரேஷன் நியூமோனியா. சாப்பாடோ தண்ணியோ வழி தப்பி நுரையீரலுக்குப் போயிருக்கு. அதுல கிருமி பிடிச்சு காய்ச்சல். இவருக்கு யார் ஊட்டுவாங்க?"

"நான்தான் டாக்டர்."

"நீங்க இல்லாதப்போ?"

"நான் இல்லாத நாளே..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"எப்படி ஊட்டணும்னு அங்க வேற யாருக்காவது காட்டியிருக்கீங்களா? தண்ணிய கெட்டியாக்குற பவுடர் எழுதியிருக்காங்களே, அது குடுத்தாங்களா?"

அப்பாவின் ஆதார் கார்டைக் கேட்டிருந்தார்கள். அதை எடுக்கப் பையின் உள் ஜிப்பைத் திறந்தவள் கையில் அந்தச் சாவி தட்டுப்பட்டது. பவுடர் டப்பா பீரோவுக்குள். பீரோ கேட்டுக்கு உள்ளே. சாவி ஆறு நாளாக என் பையில். சாவி கேட்டவளைத் திருடி என்று நினைத்தவள் நான்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கேட்டைப் பூட்டியது அவர்கள் தப்புதான், கையைக் கட்டியது பெரிய தப்பு. அதை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேட் பூட்டுவதற்கு இரண்டு வருடம் முன்பே அப்பாவைச் சுற்றி நான் ஒரு பூட்டுப் போட்டிருந்தேன். அவரை எப்படிப் பிழைக்க வைப்பது என்பது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்பதில் எனக்கு ஒரு பெருமை. ஆசாரம் என்று அப்பாவின் பெயரைச் சொன்னது வெறும் சாக்கு. அந்த இல்லத்துச் சாப்பாட்டை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

பதினோரு நாள் அந்த வார்டில் இருந்தோம். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய், முகத்தில் ஆக்ஸிஜன். குழாயை இழுக்காமல் இருக்க நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். கட்டுவதற்குப் பதில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தால் போதும், வேறு மருந்து வேண்டாம். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். ஒரு ஆளை உள்ளே விட்டால் ஆஸ்பத்திரி ஒன்றும் இடிந்துவிடவில்லை. சாப்பாடு கொண்டுவந்த வரதன் கேட்டிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போவார். கம்பெனித் தோழிகள் என் ஷிப்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

நான்காம் நாள் மதியம் வார்டு வாசலில் சுகுணா நின்றாள். செக்யூரிட்டி விடவில்லை. நான் எழுந்து போனேன். வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

"நைனா எப்டி கீறாருக்கா?"

"கையைக் கட்டினது யாரு?"

"நான்தாங்கா." தலையைக் குனியவில்லை, நேராகப் பார்த்தாள். "சார் கட்டச் சொன்னாரு. சொல்லாத, வீட்ல இருக்கறவங்கல்லாம் கேட்டாண்ட வந்து நின்னுக்குவாங்கன்னாரு. தண்ணி குடுத்தா இருமினே இருந்தாரு. இன்னா பண்றதுனு தெர்ல. உங்கள கேக்கலாம்னா, போன எடுத்தாலே நீங்க கேள்வியா கேக்குறீங்க."

அவளை வராந்தா பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன்.

"திருமண் ஏன் இட்டே?"

"கட்ன மறுநா காலைல அந்த நாமப் பொட்டியவே பாத்துக்கினு அழுதாருக்கா. அவுத்து வுட முடியாது. அதான் நானே கொயச்சி போட்டேன். போட்டதும் அழுவைய நிறுத்திட்டாரு."

"மூக்கு வரைக்கும் ஏன் இழுத்தே?"

"எங்கூரு பஜன கோயில்ல சாமிக்கு அப்டிதான் கீது. ஏங்கா, தப்பா?"

பரம்பரை பரம்பரையாகச் சண்டை போட்ட கோடு அது. "ஒண்ணும் தப்பில்லே" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவள் இழுத்த அந்தக் கோடு இல்லாமல் போயிருந்தால் நான் லீவு போட்டிருக்க மாட்டேன், பிரிண்ட் எடுத்திருக்க மாட்டேன், அப்பா இருந்திருக்க மாட்டார்.

ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். வாய் வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அன்று சுகுணாவுக்கு வார விடுமுறை. அவளை வரச் சொல்லியிருந்தேன். செக்யூரிட்டியிடம் பத்து நிமிடம் கெஞ்சி அவளை உள்ளே கூட்டிவந்து, முதல் நாலு கரண்டி நான் கொடுத்துக் காட்டினேன். பிறகு பாஸை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். என் கை தானாகத் திரும்பப் பிடுங்கப் போனது. புடவைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

"மோவாய கீய எறக்குங்க நைனா" என்றாள் சுகுணா. அப்பா இறக்கினார். இடது பக்கமாக அரைக் கரண்டி வைத்தாள். அப்பா என்னைப் பார்த்து, இடது கையை வாசல் பக்கமாக அசைத்தார். போ, வேலைக்குப் போ. "ஆமா" என்றார். இந்தத் தடவை அது எந்த ஆமா என்று எனக்குத் தெரிந்தது.

போனேன். வராந்தாவில் நின்று கதவிடுக்கில் பார்த்தேன். ஒரு முழுங்கல். கரண்டி காத்திருந்தது. இரண்டாவது முழுங்கல். அப்புறம்தான் அடுத்தது. பத்துக் கரண்டிவரை எண்ணிவிட்டுத்தான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

அப்பா திரும்பவும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார். வேறு இடம் தேடினேன், எல்லா இடத்திலும் கேட் இருக்கிறது. அந்த டாக்டரம்மா சொல்லி, இல்லத்தில் இப்போது இரண்டு பதிவேடு வைத்திருக்கிறார்கள். ஒன்று பார்வையாளருக்கு. இன்னொன்றில் ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ளும் சொந்தம் யார் என்று ஒரு பெயர். எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஊழியருக்கு உள்ள அதே டெஸ்ட், அதே மாஸ்க்கோடு அவரை உள்ளே விட வேண்டும். என் பெயர் அதில் முதல் வரி. மேனேஜர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அடுத்த காய்ச்சல் வரும்போது கேட் திறக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறேன். கையெழுத்தை நம்பி நான் இதுவரை ஒரு வளையத்தையும் பாஸ் பண்ணியதில்லை.

பீரோவுக்குப் பூட்டு இல்லை. பவுடர் டப்பா மேசைமேல் இருக்கிறது. அப்பா தன் கையால் திருமண் இட்டுக்கொள்கிறார், கோடு முன்னைவிட அதிகமாகச் சாய்கிறது. கட்டிலுக்கு மேலே சுவரில், ஊட்டும் முறையைச் சுகுணா மற்ற ஆயாக்களுக்காக ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அவள் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், மற்ற இரண்டு ஆயாக்களும் அந்தப் பக்கம்தான். ஒன்பது வரி. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அன்றைக்கே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் பேக்கிங் பிரிவில் நாயுடு ஒருவர் இருக்கிறார், தெலுங்கு நன்றாகப் படிப்பார். என் மேசையிலிருந்து இருபது அடி. தினமும் டீ நேரத்தில் அவரைத் தாண்டித்தான் போகிறேன். படம் போனிலேயே இருக்கிறது. நான்கு மாதமாகிறது, அவரிடம் இன்னும் காட்டவில்லை.